ஜீப் கம்பியில் ஒரு பெட்டி

அந்தப் பெட்டி முதல் நாளே கீழே விழுந்தது. நானுஓயா ஸ்டேஷனைத் தாண்டி வருகிற வளைவில் ஜெயகாந்தன் ஜீப்பை ஒடித்தபோது, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ரப்பர் குமிழ் பட்டென்று விட்டுப்போனது. பெட்டி அவன் முழங்காலில் மோதி பிரேக்குக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"ஐயோ, ஜீ.பீ.எஸ்!" என்று பக்கத்து சீட்டிலிருந்த சர்மிளா குனிந்தாள்.

"கைய உடாதீங்க மிஸ். பிரேக் இருக்கு அங்க. நிப்பாட்டுறேன், பொறுங்க."

ஓரத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தார்கள். திரையின் மூலையில் ஒரு கீறல். வேலை செய்தது. சர்மிளா அதைத் துப்பட்டாவால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று பொழுதுக்கும் அவள் மடியிலேயே இருந்தது.

கார்த்திகைப் பெருமழையில் மலைச்சரிவுகள் சரிந்து, பல தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே மண் வெடித்து நின்றது. எந்த லயம் எந்த வெடிப்புக்குக் கீழே நிற்கிறது என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் குறிக்கிற வேலை சர்மிளாவுக்கு. கொட்டகலைப் பக்கத்து லயத்தில் பிறந்து, பேராதனையில் நிலவியல் படித்து, இப்போது தற்காலிக நியமனத்தில் இருந்தாள். அந்தப் பெட்டி நிற்கிற இடத்தைப் புள்ளியாகப் பதிந்துகொள்ளும். மேலே வானம் மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது.

ஜீப்பில் வானத்துக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரர்களை மலை உச்சிக்கு ஏற்றிப் போய் விடியலைக் காட்டுவதற்காக முதலாளி கூடாரத்துணியைக் கழற்றிவிட்டு, வெறும் இரும்புக் கம்பிகளை மட்டும் விட்டிருந்தார். மழைக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வரவில்லை. அளவை வேலைக்கு வாடகைக்குப் போனது ஜீப். கழற்றிய துணி எங்கோ எலி கடித்துக் கிடந்தது. ஆகவே ஜெயகாந்தன் நனைந்துகொண்டே ஓட்டினான். காலையில் போடும் சட்டை கினிகத்தேனைப் பக்கம் போனால் வெயிலில் காயும், ஹட்டனுக்கு ஏறும்போது மறுபடி நனையும். நாற்பத்தைந்து வயது உடம்பு இரவில் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். அவன் மனைவி பிரேமினி கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு லீவு கேளுங்களேன்" என்பாள். பதில் சொல்வதற்குள் அவன் தூங்கியிருப்பான்.

பெட்டியைக் கம்பியில் கட்டலாம் என்று இரண்டாம் நாள் தீர்மானித்தார்கள். நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். கயிறு நின்றது, பெட்டியும் நின்றது. ஆனால் கல்ரோட்டில் குலுங்கிக் குலுங்கி மின்சார வயரின் செருகி தளர்ந்து, உள்ளிருந்த பேட்டரியும் தீர்ந்து, பெட்டி தானாக அணைந்துவிட்டது. அணைந்தது தெரியாமல் ஒரு தோட்டம் முழுவதும் சுற்றிவிட்டு வந்து, அடுத்த நாள் அதே தோட்டத்தை மறுபடி சுற்றினார்கள். அன்று இருவரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமில்லை. பேசத் தெம்பில்லை.

பிறகுதான் ஜெயகாந்தன் ஹட்டனில் இரும்புக்கடை ஒன்றில் ஒரு தகட்டுத் துண்டும் யூ போல்ட் இரண்டும் வாங்கினான். சைக்கிள் டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றி, அதன்மேல் தகட்டைப் பொருத்தினான். முதலில் வலது கைப்பக்கம் வைத்துப் பார்த்தான். வளைவில் எதிரே வருகிற வாகனத்தை அது மறைத்தது. கழற்றி இடது பக்கம் மாற்றினான். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இன்னொரு ரப்பர் துண்டு. பெட்டியின் தலையில் குடை போல இருந்த வட்டம் கம்பிக்கு மேலே நீட்டி நிற்க வேண்டும், அதற்கு மேல் எந்த இரும்பும் வரக்கூடாது என்று சர்மிளா சொன்னாள். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து வயர் எடுத்து, கால் தடுக்காதபடி கம்பியோடு கம்பியாகப் பிளாஸ்டிக் பட்டிகளால் கட்டினான். செருகி நனையாமல் இருக்க ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை ஓட்டை போட்டுக் கவிழ்த்தான். போல்ட் இரண்டும் விட்டாலும் பெட்டி கீழே விழாமல் தொங்கட்டும் என்று சீட்டின் காலோடு ஒரு கயிறும் கட்டினான்.

சர்மிளா பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"இது சரிண்ணே" என்றாள். அந்த வாரத்தில் அவள் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

அதுவும் சில நாளுக்குத்தான். கையால் திருகக்கூடிய காது வைத்த நட்டுகள்தான் போட்டிருந்தான். மல்லியப்புச் சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது, ஒருவன் ஜீப்பில் சாய்ந்து நின்று ஒரு நட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததைத் திருகிக்கொண்டிருந்தான். ஜெயகாந்தன் கத்தியதும் பஸ் கூட்டத்துக்குள் புகுந்து ஓடிவிட்டான். துரத்த ஜெயகாந்தனுக்குக் கால் வரவில்லை. அன்று மாலையே சாதாரண நட்டுகளை மாட்டி, ஸ்பானரால் கடைசிவரை இறுக்கி, நட்டு கழன்று வராதபடி போல்ட்டின் முனைகளைச் சுத்தியலால் அடித்து மழுங்கவைத்தான்.

"அப்ப கழட்டணும்னா?" என்று சர்மிளா கேட்டாள்.

"எதுக்கு மிஸ் கழட்டணும்? ஜீப்போடயே கெடக்கட்டும். ராவுல ஜீப்பு எங்க லயத்து வாசல்லதான நிக்கிது."

அவள் யோசித்தாள். புள்ளிகளை ஜீப்பில் வைத்தே வயர் போட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு தலைவலி குறைந்தது என்று அவளும் நினைத்தாள். சரி என்றாள்.

பாலக்கல் தோட்டத்துக்குப் போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. மழை தூறலாக இறங்கியிருந்தது. கீழ் டிவிஷனுக்குப் போகும் ரோடு பாதியில் அறுந்து கிடந்தது. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஜீப்பை நிறுத்தினான். லயம் கீழே, தேயிலைக்கு நடுவில், தகரக்கூரை மட்டும் தெரிந்தது. படிக்கட்டுகளில் செம்மண் வழிந்துகொண்டிருந்தது.

சர்மிளா கூரையைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். காலையிலிருந்து இது ஆறாவதோ ஏழாவதோ இடம்.

"இங்கேருந்தே புள்ளி எடுத்துருவோம்ணே. லயம் கீழ இருக்குன்னு குறிப்பு போட்டுக்கிறேன்."

"செய்ங்க மிஸ்" என்றான் ஜெயகாந்தன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினான்.

"மறுபடியும் இங்கேருந்துதானா?"

குரல் பக்கத்தில் கேட்டது. கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஐம்பதைத் தாண்டிய வயது. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மலையிலிருந்து நேராக வருகிறாள். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"போன தடவையும் ரெண்டு பேரு வேன்ல வந்தாங்க. இந்தப் பாறையிலதான் நின்னாங்க. போனை நீட்டிப் பிடிச்சாங்க, போயிட்டாங்க. பொறகு எங்கள வேல வாங்குற கண்டாக்கு ஐயா சொல்றாரு, ராக்காயி, ஒங்க லயம் பாறைமேல இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு கம்பியூட்டர்ல வந்திருச்சு, மழைக்கு ஒதுங்கியிருந்த ஸ்கூல்ல இருந்து எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு. பாறைமேலயா இருக்கோம் நாங்க? அந்தா கெடக்கோம் கீழ."

பாலக்கல் கீழ் டிவிஷன் என்று ஒரு புள்ளியை அலுவலகத்து வரைபடத்தில் சர்மிளாவும் பார்த்திருந்தாள். ஆபத்தில்லை என்கிற பச்சை நிறத்தில் இருந்தது. இந்தப் பாறையில் நின்று எடுத்தால் இப்போதும் பச்சையாகத்தான் வரும். குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள்?

"கீழ போயி எடுக்கணும்ணே" என்றாள் மெதுவாக.

ஜெயகாந்தன் தலையைத் தூக்கி, கம்பியில் இறுகியிருந்த பெட்டியைப் பார்த்தான். போல்ட் முனைகள் சப்பையாகப் பளபளத்தன.

"இத கழட்டணுமே மிஸ்."

"தெரியும்."

"ரம்பம் இல்ல. சுத்தியலும் அரமும்தான் கெடக்கு. இருட்டிரும்."

சர்மிளா கைப்பேசியில் மணி பார்த்தாள். "நாளைக்குக் காலையில ரம்பத்தோட வருவமா?"

ராக்காயி கம்பியை விடவில்லை. "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள். அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நாளைக்கு லிந்துலைப் பக்கம். மறுநாள் வேறெங்கோ. அது இருவருக்கும் தெரியும். ஜெயகாந்தன் ஒரு பெருமூச்சோடு இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து கருவிப்பையை இழுத்தான்.

மழுங்கிய முனையை அரத்தால் ராவினான். ஈர இரும்பில் அரம் வழுக்கியது. ஒருமுறை வழுக்கி விரல் முட்டியைக் கிழித்தது. அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ராக்காயி சாக்கை எடுத்து அவன் தலைக்கு மேல் பிடித்தாள். சர்மிளா கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினாள். முதல் நட்டு ஒருவழியாகத் திரும்பியது. இரண்டாவது திரும்பவே இல்லை. கடைசியில் பொறுமை போய் தகட்டையே சுத்தியலால் மடக்கி மடக்கி ஒடித்தான். பாதித் தகடு ஒட்டிக்கொண்டிருக்க, பெட்டி கையோடு வந்தது.

"உள்ள பேட்டரி இருக்கா மிஸ்?"

"இருக்கு. கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்."

படிகளில் ராக்காயி முன்னே போனாள். சர்மிளா பெட்டியை மழையங்கிக்குள் அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஜெயகாந்தன் அவள் வழுக்கினால் பிடிக்கப் பின்னால் வந்தான்.

லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்றிருந்த காம்பராக்களில் பாதியில் ஆள் இல்லை. வெளியே சொந்தக்காரர் இருக்கிறவர்கள் அங்கே போய்விட்டார்கள். மற்றவர்கள் கதவருகே வந்து நின்று பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்து பார்த்துப் போகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று.

வரிசையின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராதான் ராக்காயியுடையது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் சின்னராசா கிடந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய்ச் சில வருடங்கள். நல்ல கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பினார்.

"கதவ மூடு புள்ள. கூதலா இருக்கு."

ராக்காயி கதவைத் தள்ளினாள். மூடவில்லை. நிலையில் இடித்துக்கொண்டு நின்றது.

"காலையில மூடினுச்சே" என்றாள்.

சர்மிளா திரும்பிப் பார்த்தாள். நிலைக்கு அருகே போய், மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஓடிய கீறலில் விரலை வைத்தாள். பிறகு லயத்துக்குப் பின்னால் போனாள். மலையை வெட்டி நிறுத்தியிருந்த மண்சுவரின் தலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே போட்டிருந்த நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினாள். வெடிப்பு இருந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு நீளக் கம்பை எடுத்து உள்ளே விட்டாள். பிடித்த கைவரைக்கும் போனது. பக்கத்துப் பீலியில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இது எப்பவும் இந்தக் கலரா அக்கா?"

"நேத்துவரைக்கும் இதத்தான் குடிச்சோம்" என்றாள் ராக்காயி.

சர்மிளா பெட்டியைத் தரையில் ஒரு கல்லின்மேல் வைத்துக் காத்திருந்தாள். அது புள்ளியைப் பிடித்ததும் பதிந்தாள். எழுந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"யாரும் இங்க படுக்காதீங்க. இப்பவே ஏறுங்க. எல்லா வீட்டுலயும் சொல்லுங்க."

"எங்க ஏறுறது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

மேல் டிவிஷனில் பிள்ளைக்காம்பரா இருந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். கல் கட்டிடம். அங்கே ஏற்கெனவே சில குடும்பங்கள் இருந்தன. அங்கே போங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் சர்மிளா. பேசுவதற்குத் தனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. மேலதிகாரிக்குப் போன் எடுத்து சிங்களத்தில் சொன்னாள். அவர் களைத்த குரலில், "சரி, சரி, புள்ளியை அனுப்புங்கள், மற்றதைக் காலையில் பார்ப்போம்" என்றார்.

ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை, அழவும் இல்லை. எப்படிக் கட்டுவது என்று எல்லாருக்கும் பழகியிருந்தது. சின்னராசா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் வரல."

"எழும்புங்க. ஜீப் இருக்கு" என்றாள் ராக்காயி.

"எத்தன தரம் எழும்புறது? ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, கூட்டியாந்து போட்டாங்க. பொணத்தக்கூட ஒரு தரந்தான் தூக்குவாங்க. விழுந்தா விழட்டும். நீ போ."

ராக்காயி அவர் தோளைப் பிடித்தாள். அவர் தட்டிவிட்டார். அவள் அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பகல் முழுவதும் கொழுந்தெடுத்த கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

ஜெயகாந்தன் கதவுப்படியில் குந்தினான். விரல் முட்டியிலிருந்து இன்னும் ரத்தம் கசிந்தது.

"அண்ணே, எனக்கும் ஏலல. நீங்க வந்தீங்கன்னா ஒங்கள மேல விட்டுட்டு நான் வீட்டுக்குப் போயி படுத்துருவேன். வராட்டி நான் போக ஏலாது. போனாலும் தூக்கம் வராது. மழ பேய்ற சத்தம் கேக்குற நேரமெல்லாம் இந்தக் கதவுதான் கண்ணுல நிக்கும். விடியறவரைக்கும் இங்கேயே குந்திக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

சின்னராசா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். நனைந்த சட்டையைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"ஒனக்கு ஊரு எங்க?"

"நானுஓயா."

"தூரமாச்சே" என்றார். நல்ல கையை நீட்டினார். "முதுகுல ஏத்திக்க. புடிச்சுக்கிறேன்."

எலும்பும் தோலுமாக இருந்தும் கனத்தார். படியில் பாதி ஏறியதும் ஜெயகாந்தன் நின்று மூச்சு வாங்கி மறுபடி ஏறினான். ராக்காயி பின்னாலிருந்து புருஷனின் இடுப்பைத் தாங்கினாள். சர்மிளா ஒரு கையில் பெட்டியும் மறுகையில் யாரோ கொடுத்த பாத்திர மூட்டையுமாக முன்னே வெளிச்சம் பிடித்தாள். மேலே வந்து அவரைச் சீட்டில் சாய்த்ததும், ஜெயகாந்தன் ஜீப்பின் மூக்கில் கையூன்றிக் குனிந்து நின்றான்.

மூன்று நடை போனான். முடியாதவர்கள், குழந்தைக்காரிகள், மூட்டைகள். மற்றவர்கள் நடந்தே ஏறினார்கள். பெட்டி அன்று சர்மிளாவின் மடியிலேயே இருந்தது. பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பாய்களை நகர்த்தி இடம் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பிரேமினி ரொட்டியைச் சுட்டு மூடி வைத்திருந்தாள். அவன் கையைப் பார்த்து, "என்னாச்சு?" என்றாள்.

"பெட்டிய கழட்டினேன்."

"களவு போயிருமின்னு நீங்கதான அடிச்சு வச்சீங்க?"

"நான்தான்" என்றான். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தவன் மெல்லாமலே சுவரில் சாய்ந்தான்.

அன்றிரவு மண் சரியவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் கழிந்தும் லயம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் புதிய புள்ளி போய்ச் சேர்ந்திருந்தது. அளவெடுக்கிறவர்கள் வந்தார்கள். வெடிப்பில் ஆணி அடித்துப் பார்த்து, அது அகன்றுகொண்டே இருக்கிறது என்றார்கள். சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டு, லயத்தை மூடிவிட்டார்கள். வேறிடத்தில் வீடு தருவோம் என்று சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

ஜெயகாந்தன் புதிதாகத் தகடு வாங்கிப் பெட்டியை மறுபடி பூட்டினான். இந்தத் தடவை காது வைத்த நட்டு. ஜீப்பை விட்டுப் போகும்போதெல்லாம் பெட்டியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனான்.

மாத முடிவில் பாலக்கல் மேல் டிவிஷனில் வேலை விழுந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் ராக்காயி துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஜீப்பைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"லயம் விழவும் இல்ல, எங்கள உள்ள விடவும் இல்ல" என்றாள். "கோழியெல்லாம் போச்சு. கதவு நெலயக்கூட எவனோ பேத்துக்கிட்டுப் போயிட்டான்."

"மன்னிச்சுக்குங்க அக்கா" என்றாள் சர்மிளா.

"ஒங்கள யாரு சொன்னா? யாருகிட்டயாவது சொல்லணும்ல. அதுக்குத்தான்." துணியை உதறினாள். "வாங்க, தேத்தண்ணி குடிங்க. வெறும் தேத்தண்ணிதான், சீனி கொஞ்சம் இருக்கு."

உள்ளே குழந்தைகளின் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. கடைசித் தொட்டிலுக்குப் பக்கத்தில் சின்னராசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொட்டில் கயிற்றை நல்ல கையில் சுற்றிக்கொண்டு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா நானுஓயா?" என்றார். "இதுக கத்துற கத்துல கண்ண மூட ஏலல. ஆயா ஒருத்தியால எத்தனயத்தான் பாக்குறது? அதான் ஒண்ண நான் ஆட்டுறேன்."

ஜெயகாந்தன் அவருக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் சீராக வந்தது. ராக்காயி தேத்தண்ணியோடு வந்தபோது அவன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

சர்மிளா எழுப்பப் போனாள். சின்னராசா தலையை அசைத்து வேண்டாமென்றார்.

அவள் கிளாஸை வாங்கிப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மேல் டிவிஷன் லயங்கள் இன்னும் பாக்கி இருந்தன. மழை கொஞ்சம் விடட்டும் என்று அவளும் காலை நீட்டிக்கொண்டாள்.